டீச்சர் வீட்டுக்காரரின் ஓட்டு

எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு இருந்தது. இரண்டையும் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

என் மனைவி அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்கு டூட்டி நிச்சயம். ஏதோ ஒரு தொகுதியில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஊரார் விரலுக்கெல்லாம் மை வைக்கிறவளுக்குத் தன் ஓட்டைப் போட நேரம் ஏது? அதனால் அவளுடைய ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். கல்யாணமாகி முதல் தேர்தலின்போது அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். கவரைப் பிரித்து, கையிலிருந்த சிவப்புப் பேனாவாலேயே டிக் போடப் போனாள். "அய்யய்யோ, சிவப்புல போட்டா செல்லாது!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சீட்டைப் பிடுங்கினேன். செல்லுமா செல்லாதா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. என் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து, எங்கள் கட்சிச் சின்னத்துக்கு எதிரே நானே ஒரு டிக் போட்டேன். அவள் அதை மடித்துக் கவரில் வைத்து ஒட்டினாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் கவர் வரும், நான் டிக் போடுவேன், அவள் ஒட்டுவாள். மகளுக்குப் பதினெட்டு வயதானதும் வீட்டில் மூன்று ஓட்டு ஆயிற்று. அந்த மூன்றாவது எனக்கு அடங்காதது. சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு சுத்தமாகவே அடங்காதது. போகட்டும், இரண்டு என் கையில் இருக்கிறதே என்று இருந்தேன்.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். கட்சியில் பதவி எதுவும் கிடையாது, ஆனால் பதவியில் இருக்கிறவனுக்குக்கூட என் அளவுக்கு வெறி கிடையாது. முப்பது வருடமாகத் தேர்தல் நாளில் தெருமுனையில் கட்சி மேஜையில் உட்கார்ந்து வாக்காளர்களுக்குச் சிலிப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் என்னிடம் வந்து, "சார், யாருக்குப் போடலாம்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான். ஆளைப் பார்க்காதே, கட்சியைப் பார். கழுதையை நிறுத்தினாலும் கட்சிக்குப் போடு. ஊருக்கு உபதேசம் செய்வதற்கு என்னை விட்டால் செம்பாக்கத்தில் ஆள் கிடையாது.

இந்தச் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் காலனி இரண்டாகவே பிளந்துவிட்டது. வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போட்டால்கூட அதில் எந்தக் கட்சி நிறம் இருக்கிறது என்று சண்டை. எட்டுப் பேர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியே போய், தங்களுக்கென்று இன்னொரு குழு ஆரம்பித்தார்கள். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டு கோஷ்டியாகி, ஒரு கோஷ்டி இடப்பக்கமாகவும் இன்னொன்று வலப்பக்கமாகவும் சுற்றியது. எதிரெதிரே வரும்போது இரண்டு கோஷ்டியும் ஏரியில் மிதக்கும் நாமக்கோழியை அப்படி அக்கறையாகப் பார்ப்பார்கள். நானும் பார்த்தவன்தான்.

எதிர்க்கட்சியில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். டிவியில் அந்த அம்மாள் மழைத்தண்ணீர் வடிகால் பற்றிப் பேசியபோது என் மனைவி, "இந்தம்மா பேசறது தெளிவாத்தான் இருக்கு" என்றாள். "பேச்சைப் பார்க்காத, கட்சியைப் பாரு" என்று வாயை அடைத்தேன்.

எங்கள் கட்சி வேட்பாளரை மறுநாள் மாலை அறிவித்தார்கள். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே டிவி பார்த்தாள். திரையில் ஒரு வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையும் வந்தன.

"அட, இவனா!" என்றாள்.

முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து வெளி ஆண்பிள்ளை ஒருவனை இப்படி உரிமையாக 'இவன்' என்று நான் கேட்டதே இல்லை. பால்காரரைக்கூட 'அவர்' என்பவள்.

"உனக்குத் தெரியுமா?"

"என் கூட காலேஜ்ல படிச்சவன். தாம்பரத்துல. யூனியன் எலெக்‌ஷன்ல நின்னான். நான்தான் அவனுக்கு எல்லா போஸ்டரும் எழுதினேன். விரல் நகமெல்லாம் இங்க் ஆயிடுச்சு."

"ஜெயிச்சானா?"

"பின்ன? ஜெயிச்சான்."

"நீ அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டியா?"

"நல்லா கேட்டீங்க! எழுதினவளே போடாம இருப்பாளா?" என்று சிரித்துவிட்டுக் கீரைத் தட்டோடு உள்ளே போனாள்.

அன்று இரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவளுடைய கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். பெண் பார்க்கப் போனபோது அவள் எழுதிய ஒரு நோட்டைக் காட்டினார்கள், அதில் விழுந்தவன் நான். அந்தக் கையெழுத்து எனக்கு முன்னாலேயே ஒருத்தனுக்காகக் கல்லூரிச் சுவரெல்லாம் ஒட்டப்பட்டிருக்கிறது! அதுகூடப் போகட்டும். யோசித்துப் பார்த்தால், அவள் தானாக முடிவெடுத்துத் தன் கையால் போட்ட ஒரே ஓட்டு அவனுக்குப் போட்டதுதான். அதற்குப் பிறகு எல்லாம் என் நீலப் பேனா.

வயிறு எரிந்தது. அறுபத்தொரு வயதில், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு வழுக்கைத் தலையனைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் சொல்வேன்?

அடுத்த வாரம் வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். திறந்த ஜீப், பின்னால் மேளம், பட்டாசுப் புகை. நான் புதுச் சட்டை போட்டு, கட்சித் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பின்னால் என் மனைவியும் வந்து நின்றாள். இத்தனை வருடம் உழைத்தவன், ஒரு கும்பிடாவது என் பக்கம் திரும்பும் என்று நினைப்பு. ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டி ஐந்தடி போய், சட்டென்று நின்றது.

"ஏய் போஸ்டர்!" என்று ஒரு கூச்சல். வேட்பாளர் ஜீப்பிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி வந்தார். "நீ இங்கயா இருக்க? அப்படியே இருக்கியே!"

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து, தெரு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. எனக்குத் தெரியாத ஒரு பெண் என் வாசலில் நின்று சிரிக்கிறாள் என்று தோன்றியது.

"நீதான் அப்படியே இல்ல. முடியெல்லாம் எங்க போச்சு?" என்று அவள் கேட்க, கூட்டமே சிரித்தது. அவர் மோர் கேட்டார். என் மோர் டம்ளரில், நான் குடிக்கிற டம்ளரில், கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "சார் யாரு?" என்றார்.

பக்கத்தில் எங்கள் வட்டச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதிய சிலிப்பை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மனுஷன். நம்ம கட்சிக்காரர், பழைய ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இவுரா? நம்ம டீச்சரோட வூட்டுக்காரரு தலைவரே" என்றார்.

"அப்படியா! கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று வேட்பாளர் என் தோளைத் தட்டினார். தட்டிய இடத்தில்தான் கட்சித் துண்டு இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. ஜீப் போய்விட்டது. தெருக்காரர்கள் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டு, "டீச்சர், வருங்கால எம்.எல்.ஏ. உங்க தோஸ்தா? தண்ணி லாரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் உள்ளே போய்த் துண்டைப் பீரோவுக்குள் எறிந்தேன்.

மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உனக்குப் பொறாமைப்பா."

"எனக்கா? அந்த வழுக்கைத் தலையனைப் பார்த்தா?"

"உனக்கு மட்டும் என்ன, சடையா தொங்குது?"

இந்த நிலைமையில்தான் ஒரு சாயங்காலம் என் மனைவி பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தச் செய்தியைச் சொன்னாள். "இனிமே ஓட்டுச்சீட்டு தபால்ல வராதாம். ஞாயித்துக்கிழமை டிரெயினிங் கிளாஸ் இருக்கு. அங்கேயே ஒரு ரூம்ல மறைப்பு வெச்சிருப்பாங்களாம். போட்டுட்டு வந்துடணுமாம்."

"வீட்டுக்கே வராதா?"

"வராது."

"அப்ப டிக் யாரு போடறது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான்தான் போடணும். என் ஓட்டுதானே?"

நியாயப்படி எனக்கு ஒரு கவலையும் இருந்திருக்கக் கூடாது. அவள் அவனுக்குப் போட்டால் எங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு. அதுதானே வேண்டும்? ஆனால் காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். என் பேனாவால் போட்டால் அது கட்சிக்குப் போட்ட ஓட்டு. அவள் பேனாவால் போட்டால் அது அவனுக்குப் போட்ட ஓட்டு. இரண்டும் எண்ணிக்கையில் ஒன்றுதான். என் வயிற்றுக்கு ஒன்றில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அவளை மேடவாக்கத்தில் பயிற்சி நடந்த பள்ளிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம், "கட்சியைப் பாரு, ஆளைப் பார்க்காத" என்று சொல்ல வாய் வந்தது. ஆளைப் பார்க்காமல் கட்சியைப் பார்த்தாலும் அவன்தானே நிற்கிறான்? என்ன சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். எதிரே இருந்த பேக்கரி வாசலில் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றேன். சர்க்கரை போட்ட டீ இரண்டு குடித்தேன். டீச்சர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் அவளும் வந்தாள், முகத்தில் ஒரு தெளிவோடு.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"யாருக்கு?"

"ரகசியமா வெச்சுக்கணும்னு கிளாஸ்லயே சொல்லிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அது அந்தத் தெருச் சிரிப்பின் மிச்சம் என்றே எனக்குப் பட்டது.

அதற்கப்புறம் தேர்தல் வரைக்கும் நான் மனுஷனாகவே இல்லை. ரசத்தில் உப்பில்லை என்றேன், உப்பு இருந்தது. அவள் போனில் யாருடனாவது பேசினால் காதைத் தீட்டிக்கொண்டேன். வேட்பாளரின் பிரசார வண்டி தெருவில் போனால் ஜன்னலைச் சாத்தினேன். கட்சி மேஜைக்கு வரச்சொல்லி வட்டச் செயலாளர் போன் செய்தபோது முதுகுவலி என்றேன். "இன்னா சார், நீங்க இல்லாத டேபிளா? பேஜார் பண்ணாதீங்க" என்றார். டீச்சர் வீட்டுக்காரருக்கு முதுகுவலி என்று தலைவரிடம் சொல்லிக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன்.

தேர்தலுக்கு முந்தின நாளே அவளுக்கு டூட்டி. பெரும்பாக்கத்தில், குடியிருப்பு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். மாற்றுப் புடவை, கொசுவத்தி, எனக்குச் செய்துவைத்த புளியோதரையில் ஒரு பங்கு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "காலையில வெயிலுக்கு முன்னாடி போய்ப் போட்டுட்டு வந்துடுங்க. மாத்திரையை மறந்துடாதீங்க" என்றாள். நான் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்காமல் ம் என்றேன்.

மறுநாள் ஏழு மணிக்கே வரிசையில் நின்றேன். விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குப் பின்னால் போனேன். முப்பது வருடமாக அங்கே நான் எதையும் படித்ததில்லை. கை தானாகச் சின்னத்துக்குப் போகும். இப்போதெல்லாம் இயந்திரத்தில் வேட்பாளர் படமும் இருக்கிறதே, அது கண்ணில் பட்டுத் தொலைத்தது. தபால்தலை அளவுக்கு ஒரு படம். அதிலும் சிரிக்கிறான். 'ஏய் போஸ்டர்' என்று வாயைத் திறக்கப்போகிறவன்போல் இருந்தான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே இருந்த அலுவலர், "சார், பட்டனை அழுத்துங்க, லைன் நிக்குது" என்றார்.

அழுத்தினேன். நர்ஸ் அம்மாளின் சின்னத்தில் அழுத்தினேன்.

பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது. பக்கத்திலிருந்த பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. இத்தனை வருடம் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய கட்சியின் சின்னம், நான் போட்டது. ஏழு நொடி அங்கேயே நின்று என்னைப் பார்த்தது. அப்புறம் அறுந்து உள்ளே விழுந்தது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று வெளியே வரும்போது மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தெருமுனையில் வட்டச் செயலாளர் கட்சி மேஜையில் இருந்தார். "இன்னா சார், நம்ம ஓட்டு ரெண்டும் வுழுந்துச்சா?" என்றார்.

"விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன்.

நடக்க நடக்க ஒரு சந்தோஷம் வந்தது. அசிங்கமான சந்தோஷம். அவள் அவனுக்குக் கொடுத்ததை நான் எடுத்துவிட்டேன், கணக்கு நேராகிவிட்டது என்ற சந்தோஷம். வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

அவள் பெட்டிகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டு வந்து, யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாருக்குப் போட்டேன்னு இத்தனை நாளா தவிச்சீங்களே, சொல்லவா?"

"எனக்கென்ன? ரகசியம்னு சொன்னியே."

"உங்க கட்சிக்குத்தான் போட்டேன்."

"தெரியுமே. உன் தோஸ்த் ஆச்சே" என்றேன். குரல் எனக்கே நாராசமாகக் கேட்டது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவனுக்கா? அவனுக்கு யாருங்க போடுவா? ஜெயிச்சா லேடீஸ் ரூம்ல தண்ணிக் குழாய் போட்டுத் தர்றேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினான். நானும் நம்பி அதைத்தான் பெரிசா போஸ்டர்ல எழுதினேன். ஜெயிச்சிட்டு வருஷம் முழுக்கக் கேன்டீன்ல உட்கார்ந்திருந்தான். பொண்ணுங்க எல்லாம் என்னைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, எழுதினது நீதானடின்னு. அழுதுட்டேன். வாசல்ல வந்து நின்னா சிரிச்சுப் பேசாம என்ன பண்றது? நல்லது கெட்டது தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் போட்ட?"

"எனக்கு அந்த நர்சம்மாவுக்குப் போடணும்னுதான் இருந்துது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டேன். கல்யாணத்துக்கப்புறம் மொத மொதல்ல என் ஓட்டை நானே போடப்போறேன்னு ஒரே படபடப்பு. மறைப்புக்குப் பின்னாடி போய்ப் பேனாவைத் தொறந்தேன். நீங்க ஞாபகத்துக்கு வந்துட்டீங்க."

"நானா?"

"அன்னிக்கு வாசல்ல அந்த வட்டச் செயலாளர் உங்களை டீச்சர் வீட்டுக்காரர்னு சொன்னாரே. உங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்தேங்க. புதுச் சட்டை, துண்டு எல்லாம் போட்டுக்கிட்டு நின்னீங்க. முப்பது வருஷம் உழைச்ச மனுஷனை ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லல. இப்ப நானும் மாத்திப் போட்டுட்டு வந்தா இவருக்குன்னு யாரு இருக்கான்னு தோணிச்சு. போட்டுட்டேன். அவனுக்கு இல்ல, கட்சிக்கும் இல்ல. உங்களுக்கு."

அவள் மறுபடி டம்ளரை எடுத்து, மிச்சக் காபியை ஆற்றாமல் அப்படியே குடித்தாள். வீங்கின காலைச் சோபாமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. எப்பவும்போல நம்ம ரெண்டு ஓட்டும் ஒரே எடத்துக்குத்தானே போயிருக்கு" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.